ஷிப்ட் குறைந்தவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர்
ஜனவரி 2026

மதிப்பிற்குரிய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி 1 அன்று தொடர்ந்து ஒன்பதாவது முறையாக பட்ஜெட் உரை வாசிக்கப் போகிறீர்கள். தொழில் அமைப்புகளும் பொருளாதார நிபுணர்களும் தொழிற்சங்கங்களும் ஆலோசனைக் கூட்டங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார்கள். அந்த அறைக்கு அழைப்பு வரும் இடத்தில் நான் இல்லை. திருப்பூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் கணக்குக் கொடுப்பவர்கள் பெரிய ஏற்றுமதியாளர்களும் இல்லை. அவர்களுக்கு நிட்டிங், பிரின்டிங், ஸ்டிச்சிங் என்று ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர்கள். மாதாமாதம் அவர்களுடைய ஜிஎஸ்டி ரிட்டர்னும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலானும் என் மேசையைத் தாண்டித்தான் உங்கள் அரசுக்கு வந்து சேர்கின்றன. நீங்கள் மதுரையில் பிறந்து திருச்சியில் பொருளாதாரம் படித்தவர். அதனால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாமல் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் உரையில் வரப்போகும் எண்கள் நன்றாகத்தான் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாட்டின் வளர்ச்சி 8.2 சதவீதம். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகும் நவம்பரில் அந்நாட்டுக்கான நம் ஏற்றுமதி முந்தைய ஆண்டு நவம்பரைவிடக் கூடியிருக்கிறது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் தயாராகிப் போகும் செல்போனுக்கு அந்த வரி கிடையாது; போன் ஏற்றுமதி ஏறுகிறது, பனியன் இறங்குகிறது, மொத்தக் கூட்டல் சரியாக வந்துவிடுகிறது. போன் விற்று வரும் பணம் பனியன் தைக்கிறவர் வீட்டுக்குப் போகாது என்பதைக் கூட்டல் காட்டாது.

வரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு மட்டும். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் முன்பிருந்தே 16.5 சதவீத சுங்கவரி உண்டு. 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 சதவீதம். மொத்தம் 66.5. இங்கிருந்து 4 டாலருக்குக் கப்பலேறும் ஒரு டி-ஷர்ட்டுக்கு அங்கே இறக்குமதியாளர் 2.66 டாலர் வரி கட்ட வேண்டும். வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அதே 4 டாலர் சட்டைக்கு 1.46 டாலர். ஒரு சட்டைக்கு 1.20 டாலர் வித்தியாசம். இந்த ஊரில் ஐந்து, ஏழு சதவீத லாபத்துக்கு ஆர்டர் எடுப்பவர்கள் அதை எங்கே போய் ஈடுகட்டுவார்கள்? டாலர் 90 ரூபாயைத் தாண்டியதால் ஏற்றுமதியாளருக்கு லாபம் என்று டிவியில் பேசுகிறார்கள். ரூபாய் ஓராண்டில் இறங்கியது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். போட்டி நாட்டுக்கும் நமக்கும் உள்ள வரி இடைவெளி 30 சதவீதம்.

2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி ரூ.45,000 கோடியை நெருங்கியது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அப்படியானால் ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்றிருக்க வேண்டுமே, அப்படி ஒரு காட்சி இல்லையே என்று டெல்லியில் உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கடிதமே அதற்குப் பதில்தான்.

திருப்பூரில் ஆளை வேலையை விட்டு நிறுத்துவது அரிது. நல்ல டேலர் கிடைப்பது கஷ்டம், போனால் திரும்ப மாட்டார். அதனால் முதலாளி ஷிப்டைக் குறைப்பார். இங்கே ஒரு நாள் வேலை என்பது பழக்கத்தில் ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டு, எட்டரை வரை. அந்த ஒன்றரை ஷிப்டுக்கான கூலியை நம்பித்தான் வாடகை, சீட்டு, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கணக்குப் போடப்படுகின்றன. ஆர்டர் குறைந்தால் முதலில் அந்த அரை ஷிப்ட் போகும். அதிலேயே கூலியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அடுத்து ஆறு நாள் நான்கு நாளாகும். "புதன்கிழமை வா, பீஸ் வந்தா கூப்பிடறேன்" என்பார் கான்ட்ராக்டர். சனிக்கிழமை சம்பளக் கவர் கையில் வரும்போது ஆறு நாள், ஒன்பது ஷிப்டுக்குப் பதிலாக நான்கு நாள், நான்கு ஷிப்ட். பாதிகூட இல்லை. ஆனால் வேலைநீக்கக் கடிதம் இல்லை, கதவடைப்பு இல்லை, போராட்டம் இல்லை. அந்தக் கவரை வாங்கிய அம்மா இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்.

அரசின் தொழிலாளர் ஆய்வில், கணக்கெடுக்கும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள் என்பது தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அளவுகோலில் நான்கு ஷிப்ட் பார்த்த அம்மாவும் ஒன்பது ஷிப்ட் பார்த்த அம்மாவும் ஒன்று. மாதந்தோறும் வெளியாகும் வேலையின்மை விகிதம் ஐந்து சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். திருப்பூர் அதற்குள் தெரியவே தெரியாது.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 11 சதவீத பஞ்சு இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரை நிறுத்தி வைத்தீர்கள். செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கும் நூலுக்கும் ஜிஎஸ்டியை 5 சதவீதமாக்கியது பல ஆண்டுக் கோரிக்கை. அதற்கு இந்த ஊர் நன்றி சொன்னது. நவம்பரில் ரூ.25,060 கோடியில் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம், ரூ.20,000 கோடிக்குக் கடன் உத்தரவாதம். ரிசர்வ் வங்கியும் கடன் தவணைக்கு டிசம்பர் முடிய அவகாசம் கொடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது குணம் உண்டு: கடன் வாங்கத் தகுதி உள்ளவருக்குத்தான் கிடைக்கும். ஏற்றுமதியாளருக்கு வங்கியில் கடன் லிமிட் இருக்கிறது, சரக்கு ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில் இருக்கிறது. அவருக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரரிடம் இருப்பது இருபது மெஷினும் வாடகைக் கட்டடமும். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் விலையைக் குறைக்கச் சொன்னால் ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைப்பார். ஜாப் ஒர்க்காரர் பீஸ் ரேட்டைக் குறைப்பார். 45 நாளுக்குள் சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-ல் நீங்களே ஒரு விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. ஆனால் அடுத்த ஆர்டர் வேண்டும் என்பவர் யாரும் அதை எடுத்துக் காட்டிச் சண்டை போடுவதில்லை. பாக்கி மூன்று மாதம், நான்கு மாதம் என்று நிற்கிறது. கடன் உதவி மேலிருந்து கீழே இறங்க நேரமெடுக்கிறது. கூலிக் குறைப்பு மட்டும் அதே வாரம் இறங்கிவிடுகிறது.

இனி செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். பனியன் பற்றி எழுதுபவன் இதற்குள் ஏன் வருகிறான் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் ஒரு தலைமுறையாக ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த அரசும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா செக்கிங் டேபிளில், அப்பா கட்டிங்கிலோ அயர்னிங்கிலோ. பிள்ளை கோவையில் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில். படித்து முடித்ததும் ஐடி வேலை. பொள்ளாச்சி பக்கத்திலும் தேனியிலும் திண்டுக்கல்லிலும் நிலத்தை விட்டு வந்த குடும்பங்கள் பனியன் கம்பெனியில் ஏறி, அங்கிருந்து சோழிங்கநல்லூர், பெங்களூர் என்று ஏறிய ஏணி இது. கல்விக் கடனுக்கு வங்கி மேலாளர் கையெழுத்துப் போட்டதும் இந்த ஏணியை நம்பித்தான்.

அந்த ஏணியின் மேல் படியும் இதே ஆண்டில் ஆட்டம் கண்டிருக்கிறது. 2021-22-ல் டிசிஎஸ் ஒரு நிறுவனமே ஒரு லட்சம் புதியவர்களைச் சேர்த்தது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன், இது செயற்கை நுண்ணறிவால் அல்ல, திறன் பொருந்தாததால் என்றார். உண்மையாகவே இருக்கலாம். அந்த 12,000 பேர் பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, செட்டில்மென்ட் இருக்கிறது, பத்திரிகைச் செய்தி இருக்கிறது. நான் கேட்பது சேராமலே போகிறவர்களைப் பற்றி.

ஐடியில் புதிதாகச் சேரும் பிள்ளை முதல் இரண்டு ஆண்டு என்ன வேலை செய்யும்? டெஸ்ட் கேஸ் எழுதும், டிக்கெட்டுக்குப் பதில் அனுப்பும், பழைய கோடில் சின்னத் திருத்தம் செய்யும், டாக்குமென்ட் தயாரிக்கும். சலிப்பான வேலைதான். அதைச் செய்துகொண்டேதான் அடுத்த வேலையைக் கற்றுக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கைவைத்திருப்பதும் சரியாக இந்த வேலைகளில்தான். அமெரிக்க வாடிக்கையாளர், "கருவி வைத்திருக்கிறீர்களே, ஆள் கணக்குக்கு ஏன் பில் போடுகிறீர்கள், விலையைக் குறையுங்கள்" என்கிறார். போதாக்குறைக்கு அந்த வாடிக்கையாளரே தன் நாட்டு வரிக் குழப்பத்தில் அடுத்த ஆண்டுச் செலவைத் தள்ளிப் போடுகிறார். மென்பொருள் சேவைக்கு இறக்குமதி வரி இல்லைதான். ஆனாலும் வரியின் சூடு இப்படிச் சுற்றி வந்து அங்கும் படுகிறது. செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை செய்வதற்கான புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு இதற்கு மேல்.

விளைவு என்ன? கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வருகிறது, சேரும் தேதி வருவதில்லை. தேதி வந்தாலும் தள்ளிப் போகிறது. சில கம்பெனிகள் கல்லூரிக்கே வருவதில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்ட் குறைப்பு எப்படியோ அப்படித்தான் இதுவும். யாரையும் நீக்கவில்லை, அதனால் யாரும் வேலை இழக்கவில்லை. பையன் வீட்டில் இருக்கிறான். கேட்டால் "கோர்ஸ் பண்றேன்" என்கிறான். படிக்கிறவன் என்று எழுதிவிட்டால் அவன் வேலையில்லாதவர் கணக்கிலும் வரமாட்டான். கல்விக் கடன் தவணை மட்டும் சரியான தேதியில் தொடங்கிவிடும். அதைக் கட்ட வேண்டிய அம்மாவுக்கு ஷிப்ட் பாதியாகிவிட்டது. இரண்டு அடியும் ஒரே வீட்டுக்குள் விழுவதை ஜவுளி அமைச்சகமும் பார்க்காது, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் பார்க்காது. நிதியமைச்சர் ஒருவர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறீர்கள்.

என் தொழிலும் இதற்கு வெளியே இல்லை. கொள்முதல் பில்லை, விற்றவர்கள் அரசிடம் காட்டிய கணக்கான ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட பி.காம் முடித்த பிள்ளைகள் என் போன்றவர்கள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பில்லைப் படம் பிடித்தால் மென்பொருளே படித்துப் பதிவு செய்கிறது, ஒப்பிட்டும் தருகிறது. வேலை சுத்தம், சீக்கிரம். ஆனால் ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் கணக்கு கற்றார்கள்.

நிதி ஆயோக் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையே இதை மறைக்கவில்லை. சரியாகத் திட்டமிட்டால் ஐந்தாண்டில் 40 லட்சம் புதிய வேலைகள் வரை உருவாகலாம், கைகட்டி நின்றால் தொழில்நுட்பச் சேவைத் துறையின் ஆள்பலம் 2031-ல் 60 லட்சமாகச் சுருங்கலாம் என்கிறது. அரசின் பணம் இப்போது போவது பெரும்பாலும் கருவிப் பக்கம்: ரூ.10,372 கோடி இந்தியா ஏஐ திட்டம், ஆராய்ச்சியாளர்களுக்கும் தொடக்க நிறுவனங்களுக்கும் குறைந்த வாடகையில் ஜிபியு எனும் கணினிச் சில்லுகள். விசாகப்பட்டினத்தில் கூகுள் 15 பில்லியன் டாலர் முதலீடு செய்யப் போகிறது. வரட்டும். மாவட்டத்துக்கு ஒன்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டேட்டா சென்டர் மின்சாரத்தையும் நிலத்தையும் நிறையக் கேட்கும்; கட்டி முடித்த பிறகு ஆட்களைக் கொஞ்சமாகத்தான் கேட்கும். அதை வேலைவாய்ப்புத் தலைப்பில் எழுதாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வேலைவாய்ப்புக்கென்றே உங்களிடம் ஒரு பெரிய திட்டம் இருக்கிறது. ரூ.99,446 கோடியில் பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. முதல் வேலைக்குச் சேருபவருக்கு ரூ.15,000 வரை, ஆளெடுக்கும் முதலாளிக்கு ஒரு கூடுதல் ஆளுக்கு மாதம் ரூ.3,000 வரை. ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 27-ல் 50 சதவீத வரி வந்தது. திட்டத்தின் நிபந்தனை: 50 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாக எடுக்க வேண்டும், பெரிய நிறுவனம் ஐவரை, ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். ஆர்டர் கொட்டும் காலத்துக்கு எழுதிய நிபந்தனை இது. இருக்கிற முப்பது பேருக்கு வாரம் நான்கு ஷிப்ட் கொடுக்கத் திணறும் ஜாப் ஒர்க்காரர் எந்த இருவரைக் கூடுதலாக எடுப்பார்? வளர்கிற தொழிலுக்கு வளர்ச்சிக்கான பரிசு, அடிபடுகிற தொழிலுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. வரியால் அடிபட்ட ஜவுளி, தோல், இறால், நகைத் தொழில்களுக்கு மட்டுமாவது 2027 ஜூலை வரை இந்த நிபந்தனையைத் திருப்பிப் போடுங்கள். ஆளைக் கூட்டியவருக்குப் பதில், ஆளை நிறுத்தாமல் வைத்திருப்பவருக்கு அந்த ரூ.3,000 போகட்டும். புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை; ஒதுக்கிய பணம் செல்லும் வழியை மாற்றினால் போதும்.

தொழிலாளிக்கு நேராகப் போகிற உதவிக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் 2018 முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு: வேலை போனவருக்குச் சராசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள். இதைக் கேட்டு வாங்க வேலையே போயிருக்க வேண்டும். ஷிப்ட் போனவருக்கு இடமில்லை. ஜெர்மனியில் ஆர்டர் குறைந்து வேலை நேரத்தைக் குறைத்தால், இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் அரசு தருகிறது. ஆளும் கம்பெனியும் பிரியாமல் கெட்ட காலத்தைக் கடக்கிறார்கள். ஜெர்மனி பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்பீர்கள். 2020 மார்ச்சில் சிறு நிறுவனத் தொழிலாளர்களுக்கு இரு தரப்பு பி.எஃப். பங்கையும், ஊதியத்தில் 24 சதவீதம், அரசே கட்டும் என்று அறிவித்தது நீங்கள்தான். ஆகஸ்ட் வரை கட்டவும் செய்தீர்கள். என் கையாலேயே அந்த செலான்களைப் போட்டிருக்கிறேன். முடியாத காரியம் இல்லை.

ஏமாற்றுவார்கள், போலிக் கணக்குக் காட்டுவார்கள் என்ற பேச்சு வரும். ஏமாற்றத்தான் பார்ப்பார்கள், சிலர். ஆனால் ஏற்றுமதி விழுந்ததா இல்லையா என்பது விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் இருக்கிறது, சுங்கத் துறையின் ஷிப்பிங் பில்லில் இருக்கிறது. ஜாப் ஒர்க் குறைந்ததா என்பது ஜாப் ஒர்க்காரரின் ரிட்டர்னில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து விழுந்த இடத்தில் மட்டும் கொடுங்கள். ரூ.300 வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் கணினி இதையும் கண்டுபிடித்துவிடும். செயற்கை நுண்ணறிவை அரசு முதலில் எங்கே பயன்படுத்தலாம் என்று யாராவது கேட்டால் இந்த வேலையைச் சொல்லுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் இந்த வலையில் அகப்படமாட்டார்கள் என்பதும் உண்மை. வீட்டில் பிசிறு வெட்டித் தருகிற பெண்கள், சத் பூஜைக்கு பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் போய்த் திரும்ப அழைப்பில்லாமல் அங்கேயே இருப்பவர்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கு மேற்பட்டோரைப் பதிவு செய்துவைத்திருக்கிறீர்கள். பதிந்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை எங்களிடம் சொல்லப் பதிலில்லை. இந்த ஆண்டாவது ஒரு பதிலைக் கொடுங்கள்.

படித்த பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நாட்டின் தலைசிறந்த 500 நிறுவனங்களோடு நிறுத்திவிட்டீர்கள். வந்த வாய்ப்பை ஏற்றுச் சேர்ந்தவர்கள் குறைவு, மாதம் ரூ.5,000-க்கு வேறு ஊரில் அறை எடுத்துத் தங்க முடியாது என்பது தெரிந்ததுதான். அதே பணத்தில் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியிலோ கோவையில் ஒரு பம்பு கம்பெனியிலோ, வீட்டிலிருந்தே போய் வந்து, அந்தக் கம்பெனிக்கு இந்தப் புதிய கருவிகளைப் பழக்கித் தர ஒரு பிள்ளைக்கு இடமுண்டு. காஸ்டிங் ஷீட் போடுவதிலும் நூல் இருப்பைக் கணக்கிடுவதிலும் எங்கள் ஊர் இன்னும் நோட்டும் எக்செலுமாகத்தான் இருக்கிறது. சிறு நிறுவனங்களையும் உள்ளே விடுங்கள். பெரிய ஐடி நிறுவனங்களிடம் மட்டும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கையில் முதல் வேலையாகச் சேர்ந்தவர் எத்தனை பேர், ஆஃபர் கொடுத்தும் சேர்க்காதவர் எத்தனை பேர் என்று ஒரு வரி கேளுங்கள்.

பிரிட்டனோடு ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் ஆடைக்கு அங்கே 12 சதவீதம் வரை இருக்கும் வரி போகும். ஐரோப்பாவோடும் பேசுகிறீர்கள். அமெரிக்காவோடும் ஏதோ ஒரு நாள் உடன்பாடு வரும். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் இந்த ஊர் எழுந்தது, கொரோனாவிலும் எழுந்தது. அதற்குள் டேலர் ஊருக்குப் போய்விட்டால், ஆர்டர் திரும்பி வரும் நாளில் தைக்க ஆளிருக்காது.

கடைசியாக, உங்கள் அதிகாரிகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அதற்கு ஆய்வுக் குழுவும் வேண்டாம், புது சர்வேயும் வேண்டாம். பி.எஃப். மாதாந்திர செலான் கோப்பில் என்சிபி நாட்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது; ஊதியம் இல்லாத நாட்களை அதில் நிரப்புகிறோம். இ.எஸ்.ஐ. செலானில் எத்தனை நாள் ஊதியம் கொடுத்தோம் என்று ஆளுக்கு ஆள் எழுதுகிறோம். டிசம்பர் மாதக் கணக்கு ஜனவரி 15-க்குள் உங்கள் சர்வருக்கு வந்துவிடும். திருப்பூர், ஆம்பூர், சூரத், பானிபட் நான்கு ஊர்களுக்கு மட்டும் 2024 டிசம்பரையும் 2025 டிசம்பரையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. பட்ஜெட்டுக்கு அதன் பிறகும் இரண்டு வாரம் இருக்கும்.

மரியாதையுடன்,
ஒரு வரி ஆலோசகர்
திருப்பூர்